ஊமத்தம்பூச் சின்னம்: ஜப்பானில் மயக்க மருத்துவம் இரண்டு முறை பிறந்த கதை

ஜப்பானிய மயக்கவியல் மருத்துவர் சங்கத்தின் சின்னத்தில் ஒரு பூ இருக்கிறது. நம் ஊர்க்காரர்கள் பார்த்ததும் சொல்லிவிடுவார்கள், அது ஊமத்தம்பூ. குப்பைமேட்டிலும் புறம்போக்கிலும் தானாக முளைக்கிற செடி. ஆடுமாடு வாய்வைக்காது. பிள்ளைகள் அதன் முள்ளுக்காயைப் பறித்து விளையாடினால் முதுகில் ஒன்று விழும். சிவனுக்கு மட்டும் ஆகும். இப்படிப்பட்ட செடியை ஒரு நாட்டின் மருத்துவர்கள் ஏன் தங்கள் அடையாளமாக வைத்துக்கொண்டார்கள்?

ஜப்பானிய மொழியில் இதற்கு இரண்டு பெயர்கள் உண்டு. ஒன்றுக்குக் 'கொரிய நாட்டுக் காலைப்பூ' என்று பொருள். மற்றொன்று 'மந்தராகெ'. இந்தச் சொல் எங்கேயோ கேட்டதுபோல் இருக்கிறதா? பௌத்த நூல்களில் வானத்திலிருந்து பொழிவதாகச் சொல்லப்படும் மந்தார மலரின் பெயர்தான் சீனம் வழியாக ஜப்பானுக்குப் போய், வழியில் எப்படியோ ஊமத்தையின் தலையில் ஏறிக்கொண்டது. தேவலோகத்து மரத்தின் பெயர் நம் குப்பைமேட்டுச் செடிக்கு!

சின்னத்தில் இந்தப் பூ வந்ததற்கு ஒரு கிராமத்து வைத்தியர் காரணம். ஹனாவோகா செய்ஷூ 1760இல், கீ மாகாணத்தில், இன்றைய வகயாமா மாவட்டத்தின் ஹிராயாமா என்ற சிற்றூரில் பிறந்தார். அப்பாவும் வைத்தியர். 1782இல் கியோட்டோவுக்குப் போய் மூன்று வருடம் படித்தார். அங்கே அவர் படித்தது இரண்டு வகை மருத்துவம்: சீன மரபிலிருந்து வந்த மூலிகை மருத்துவம் ஒன்று, டச்சுக்காரர்கள் வழியாகக் கசிந்துவந்த ஐரோப்பிய ரண சிகிச்சை மற்றொன்று. 'கசிந்துவந்த' என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. அப்போது ஜப்பான் கதவடைத்துக் கிடந்தது. ஐரோப்பியரில் டச்சு வணிகர்களுக்கு மட்டுமே அனுமதி, அதுவும் நாகசாகி துறைமுகத்தில் தெஜிமா என்ற செயற்கைத் தீவுக்குள் மட்டும். அந்தச் சின்ன ஓட்டை வழியாகத்தான் உடற்கூறு நூல்களும் அறுவைக் கருவிகளும் உள்ளே வந்தன.

1785இல் ஊர் திரும்பிய செய்ஷூவுக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. மார்பகக் கட்டியை அறுத்தெடுக்க வேண்டும். ஐரோப்பாவில் அப்படிச் செய்கிறார்கள் என்று நாகாதொமி தொகுஷோவான் என்ற ஜப்பானிய மருத்துவர் எழுதிவைத்த குறிப்பு ஒன்றை அவர் படித்திருந்தார். ஆனால் பெண்ணின் உயிர்நிலையே மார்பில் இருக்கிறது, அதில் கைவைத்தால் உயிர் போய்விடும் என்பது அன்றைய நம்பிக்கை. மாடு முட்டி மார்பு கிழிந்துபோன ஒரு பெண் அவரிடம் வந்து, தையல் போட்டுப் பிழைத்துக்கொண்டதைப் பார்த்த பிறகு அந்த நம்பிக்கை அவருக்குள் உடைந்தது என்று ஒரு கதை சொல்கிறார்கள். இந்தத் தடை நீங்கினாலும் அடுத்தது நின்றது, வலி. நாலு பேர் கைகாலைப் பிடித்துக்கொள்ள அவசர அவசரமாக அறுக்கலாம். நிதானமாக, சுற்றுப்புறத் தசையைப் பார்த்துப் பிரித்துக் கட்டியை எடுக்க முடியாது. அதற்கு நோயாளி தூங்க வேண்டும்.

சீனத்தில் இதற்கு ஒரு முன்கதை உண்டு. ஹான் பேரரசின் இறுதிக் காலத்தில், பொ.ஆ. 208 வாக்கில் இறந்த ஹுவா டுவோ என்ற மருத்துவர், மதுவில் ஒரு பொடியைக் கலந்து கொடுத்து நோயாளியை மயக்கி வயிற்றைக் கீறினார் என்று அந்நாட்டு வரலாற்று நூல்கள் சொல்கின்றன. பொடியின் பெயர் நின்றுவிட்டது, செய்முறை தொலைந்துவிட்டது. அந்தப் பெயரின் ஜப்பானிய உச்சரிப்பு 'மாஃபுத்சுசன்'. செய்ஷூ தன் மருந்துக்கு அதையே வைத்தார். அதற்கு 'த்சூசென்சன்' என்று இன்னொரு பெயரும் உண்டு. தமிழில் சொன்னால் 'சித்தர்களிடம் கொண்டுசேர்க்கும் பொடி' என்று வரும். அளவு தப்பினால் நிஜமாகவே கொண்டுசேர்த்துவிடும்!

காரணம், அதில் இருந்த சரக்குகள். எலும்பு முறிவு வைத்தியர்கள் ஏற்கெனவே பயன்படுத்திவந்த சில கலவைகளைச் சேகரித்து, கூட்டிக் குறைத்து, கிட்டத்தட்ட இருபது ஆண்டு சோதித்து அவர் நிலைப்படுத்திய கலவையில் ஆறு மூலிகைகள். தலையானது ஊமத்தை. அடுத்தது வச்சநாபி. மற்ற நான்கும் சீன மருத்துவத்தில் வழக்கமாகப் புழங்கும் வேர், கிழங்கு வகைகள். சித்த வைத்தியம் தெரிந்தவர்களுக்கு வச்சநாபி என்றதும் 'சுத்தி செய்தாயா?' என்ற கேள்விதான் முதலில் வரும். அந்த வேரில் உள்ள அகோனிட்டின் இதயத்தின் மின்னோட்டத்தைக் குலைத்து ஆளைக் கொன்றுவிடும். நன்றாகக் கொதிக்க வைத்தால் நஞ்சு பெருமளவு முறியும். செய்ஷூவும் கஷாயமாக்கித்தான் கொடுத்தார்.

ஊமத்தையில் இருப்பவை அட்ரோபின், ஹையோசையமின், ஸ்கோபாலமின் ஆகியவை. மூன்றும் நரம்புகளுக்கிடையே செய்தி சுமக்கும் அசிட்டைல்கோலின் என்ற பொருளின் வேலையைத் தடுக்கின்றன. வாய் உலரும், கண்மணி விரியும், நெஞ்சு படபடக்கும். அளவு கூடினால் பிதற்றல், பிறகு நினைவில்லாத் தூக்கம். சமஸ்கிருதத்தில் 'உன்மத்தம்' என்று பைத்தியத்துக்கும் இந்தச் செடிக்கும் ஒரே பெயர் வைத்தவர்கள் சும்மா வைக்கவில்லை. சோற்றில் ஊமத்தை விதையைக் கலந்து கொடுத்து வழிப்போக்கரைக் கொள்ளையடித்த கும்பல்களைப் பற்றி பிரிட்டிஷ் இந்தியக் காலத்துச் சட்ட மருத்துவ நூல்கள் பக்கம் பக்கமாகப் பேசுகின்றன. கொள்ளைக்காரனுக்குத் தெரிந்திருந்த அதே குணத்தைத்தான் செய்ஷூ அறுவை மேசைக்குக் கொண்டுவந்தார்.

இந்த இடத்தில் ஜப்பானில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு கதையைச் சொல்லியாக வேண்டும். மருந்தின் அளவைக் கண்டுபிடிக்க அவருடைய தாய் ஒத்சுகியும் மனைவி கயேவும் தங்கள் உடலையே கொடுத்தார்களாம். அதில் கயே பார்வையை இழந்தாராம். 1966இல் வந்த ஒரு நாவலும் அடுத்த ஆண்டு வந்த அதன் திரைப்படமும் இந்த மாமியார் மருமகள் போட்டியை நாடெங்கும் பரப்பின. குடும்பத்திலும் ஊரிலும் வழங்கிவந்த கதை இது; எந்த அளவுக்கு நடந்தது என்பதற்கு அந்தக் காலத்து ஆவணம் அதிகம் கைகொடுப்பதில்லை. ஊமத்தை கண்மணியை விரிக்கும், சிலருக்குக் கண்ணின் அழுத்தத்தை ஏற்றும் என்பதால் பார்வை போனது நடக்கக்கூடியதுதான். ஆனாலும் கண்டுபிடிப்பின் புகழ் ஒருவருக்கும் அதன் விலை வீட்டுப் பெண்களுக்கும் என்ற கணக்கை அந்தக் கதை தியாகமாக்கிக் கொண்டாடுவது எனக்கு எப்போதும் உறுத்தும்.

ஆவணம் உறுதியாக நிற்கிற இடம் 1804. யமாத்தோ மாகாணத்தின் கொஜோ ஊரிலிருந்து கான் என்ற 60 வயது மூதாட்டி வந்தார். அவருடைய வீட்டுப்பெயருக்கு அவுரிச் சாயக் கடை என்று பொருள். இடது மார்பில் கட்டி. அதோடு பெரிபெரி என்ற சத்துக்குறைவு நோயும் மூச்சிளைப்பும் இருந்தன. செய்ஷூ கத்தியை எடுக்க அவசரப்படவில்லை. முதலில் அந்த இரண்டுக்கும் வைத்தியம் பார்த்து உடம்பைத் தேற்றினார். இன்றைக்கு ஆபரேஷனுக்கு முன்னால் 'சுகர் குறையட்டும், பிரஷர் கட்டுப்படட்டும்' என்று மயக்க டாக்டர் நம்மைத் திருப்பி அனுப்புகிறாரே, அதே முறை. பிறகு கஷாயத்தைக் கொடுத்து, மயக்கம் முழுமையாகும்வரை காத்திருந்து, கட்டியை அறுத்தெடுத்தார். சிகிச்சைக் குறிப்பை அவரே எழுதிவைத்திருக்கிறார். பாஸ்டனில் மார்ட்டன் என்ற பல் மருத்துவர் ஈதர் என்ற, மூச்சில் இழுக்கும் மயக்க மருந்தைக் கொடுத்து உலகையே திரும்பிப் பார்க்கவைத்தது 1846 அக்டோபர் 16இல். அதற்கு 42 ஆண்டுகளுக்கு முன்னால் நடந்தது இது. அமெரிக்காவிலேயே மார்ட்டனுக்கு முன் 1842இல் ஈதரைப் பயன்படுத்திய கிராஃபோர்ட் லாங்கைக் கணக்கில் எடுத்தாலும் 38 ஆண்டு இடைவெளி இருக்கிறது.

இந்தத் தேதியிலும் ஒரு சிக்கல் இருந்தது. நீண்ட காலம் எல்லா நூல்களும் 1805 என்றே எழுதிவந்தன. ஹிரோசாகி பல்கலைக்கழகத்தின் மயக்கவியல் பேராசிரியர் மத்சுகி அகிதொமோ, நோயாளியின் இறப்பைப் பழைய பதிவேட்டில் தேடிப் பிடித்தார். கான் 1805ஆம் ஆண்டின் இரண்டாம் மாதத்திலேயே இறந்துவிட்டார். அப்படியென்றால் பத்தாம் மாதம் 13ஆம் நாள் நடந்த அறுவை முந்தைய ஆண்டுக்கு உரியதாகத்தான் இருக்க முடியும். பழைய ஜப்பானிய நாட்காட்டியின் அந்த நாள் நம் கணக்குக்கு 1804 நவம்பர் 14. ஆனால் ஜப்பானில் இன்று 'மயக்க மருந்து நாள்' கொண்டாடுவது அக்டோபர் 13இல்! மாதத்தின் எண்ணை அப்படியே எடுத்துக்கொண்டுவிட்டார்கள்.

ஆக, முதல் நோயாளி நாலே மாதத்தில் இறந்துவிட்டார். இதை மயக்க மருந்தின் தோல்வி என்று சொல்ல முடியாது. முற்றிய புற்று, 60 வயது, அந்தக் காலம். பிறகு ஹிராயாமாவை நோக்கி நோயாளிகள் வந்துகொண்டே இருந்தார்கள். அவருடைய மார்பகப் புற்று நோயாளிகளின் பட்டியலில் மட்டும் 150க்கு மேற்பட்ட பெயர்கள் இருக்கின்றன. அவர்களில் இறந்த நாள் தெரியவந்த சிலரைப் பார்த்தால், ஒருவர் அறுவைக்குப் பின் 8 நாளில் இறந்திருக்கிறார், ஒருவர் 41 ஆண்டுகள் வாழ்ந்திருக்கிறார்.

ஷுன்ரின்கென் என்ற அவருடைய வீட்டுப் பள்ளியில் நாடெங்கிலும் இருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வந்து படித்தார்கள். ஐரோப்பிய உடற்கூறு நூலை மொழிபெயர்த்துப் பெரும்புகழ் பெற்றிருந்த சுகிதா கென்பக்கு, தன் முதுமையில், தன்னைவிட 27 வயது இளையவரான இந்தக் கிராமத்து வைத்தியருக்கு மரியாதையோடு கடிதம் எழுதினார். அப்படியென்றால் மருந்து ஏன் பரவவில்லை?

கதவடைத்த நாடு என்பது பாதிப் பதில்தான். வெளிநாட்டுக்குப் போகாதது சரி, உள்நாட்டிலேயே இது பொதுச்சொத்து ஆகவில்லையே. செய்ஷூ நூல் எதையும் அச்சிடவில்லை. மாணவர்கள், கற்றதை வெளியே சொல்லமாட்டோம் என்று ரத்தக் கைச்சாத்து இட்டுத்தான் சேர வேண்டும். நம் ஊரில் பரம்பரை வைத்தியர்கள் சூத்திரத்தைப் பரிபாஷையில் எழுதிவைத்தார்களே, கிட்டத்தட்ட அந்த மனநிலை. மித்தோவைச் சேர்ந்த ஹொன்மா கென்ச்சோ என்ற மாணவர் குருவின் முறைகளை நூலாக அச்சிட்டபோது அவரைப் பள்ளியிலிருந்து விலக்கினார்கள். இன்று அந்த மருந்தைப் பற்றி நாம் இவ்வளவு பேச முடிகிறதென்றால் அந்த மீறலுக்கும், மாணவர்கள் ரகசியமாக எடுத்துவைத்த கையெழுத்துப் படிகளுக்கும் நன்றி சொல்ல வேண்டும்.

ரகசியத்துக்குப் பேராசை மட்டும் காரணம் என்று நான் நினைக்கவில்லை. இந்த மருந்தை ஒரு தாளில் எழுதி அனுப்பிவிட முடியாது. வாயால் குடிக்கும் கஷாயம், வேலை செய்யவே சில மணிநேரம் பிடிக்கும். உள்ளே போன பிறகு திரும்ப எடுக்க வழியில்லை. எழுந்திருக்க அரை நாள், சிலருக்கு அதற்கும் மேல். ஒரு வருடத்து ஊமத்தையின் வீரியம் மறுவருடத்து ஊமத்தைக்கு இருக்காது. நோயாளியின் நாடியைப் பிடித்துக்கொண்டு யாராவது பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். ஈதர் அப்படியில்லை. மூச்சில் போகும், சில நிமிடத்தில் மயங்கும், முகத்திலிருந்து எடுத்துவிட்டால் மூச்சிலேயே வெளியேறும். கூட்டவும் குறைக்கவும் நிறுத்தவும் முடிகிற மருந்து. அந்தக் கட்டுப்பாடுதான் ஈதரை உலகம் முழுக்கச் சில மாதங்களில் கொண்டுபோனது. ஹிராயாமாவின் கஷாயம் ஒரு கைராசிக்காரரோடும் அவர் பார்வையில் வளர்ந்தவர்களோடும் நின்றுவிட்டது.

அன்றைய ஜப்பானில் ஒரு மருந்து ரகசியத்தின் மதிப்பு என்ன என்பதற்கு, ஊமத்தையின் குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு மருந்தின் கதை போதும். ஹாபு கென்செகி என்று ஒருவர், அன்று ஜப்பானை ஆண்ட ஷோகன் என்ற ராணுவ ஆட்சியாளரின் கண் வைத்தியர். டச்சுக் குழுவோடு வந்திருந்த ஜெர்மன் மருத்துவர் சீபோல்ட் கண்மணியை விரிக்கும் மருந்து வைத்திருப்பதைப் பார்த்துவிட்டார். அதைத் தெரிந்துகொள்ள, ஷோகன் தனக்குப் பரிசளித்த முத்திரை பொறித்த அங்கியையே கழற்றிக் கொடுத்துவிட்டார். வெளிநாட்டவரிடம் அரச முத்திரையைக் கொடுத்தது பெருங்குற்றம். விஷயம் 1828இல் வெடித்த விசாரணையில் வெளிவந்து, மனிதர் பதவியும் சொத்தும் இழந்து அடைபட்டார்.

சரி, ஈதர் ஜப்பானுக்கு எப்படி வந்தது? முதலில் ஒரு சொல்லாக வந்தது. ஈதர் பற்றிய ஜெர்மன் நூலின் டச்சு மொழிபெயர்ப்பை, கென்பக்குவின் வழித்தோன்றலான சுகிதா செய்கெய் 1850இல் ஜப்பானிய மொழிக்குக் கொண்டுவந்தார். அப்போது அவர் உருவாக்கிய சொல் 'மசுய்'. முதல் எழுத்துக்கு மரத்துப்போதல் என்றும் இரண்டாவதற்குப் போதை என்றும் பொருள். நாம் 'மயக்கம்' என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு தலைசுற்றல், காதல், குழப்பம், அனஸ்தீசியா எல்லாவற்றையும் சமாளிக்கிறோம். அவர்களுக்கு 1850லேயே தனிச்சொல் கிடைத்துவிட்டது, இன்றும் அதுதான் வழக்கில் இருக்கிறது.

குளோரோஃபார்ம் வந்த கதை இன்னும் சுவையானது. 1861இல் எதோ என்ற (இன்றைய டோக்கியோ) நகரில் ஷோகனின் மருத்துவர் இத்தோ கென்பொக்கு, கால் அழுகிப்போன ஒருவருக்கு அதைக் கொடுத்துக் காலை வெட்டியெடுத்தார். ஜப்பானில் குளோரோஃபார்மின் முதல் பயன்பாடு என்று வழக்கமாகக் குறிப்பிடப்படுவது இதுதான். நோயாளி யோஷிவாராவின் கேளிக்கைத் தெருவில் விருந்தினர்களைச் சிரிக்கவைத்துப் பிழைத்த ஒரு விதூஷகர். 1868இன் உள்நாட்டுப் போரில், கியோட்டோவின் ஷோகொக்கு கோயிலை மருத்துவமனையாக்கி, சாத்சுமா படையின் காயம்பட்ட வீரர்களுக்கு குளோரோஃபார்ம் கொடுத்து அறுவை செய்தார் வில்லியம் வில்லிஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர்.

போர் முடிந்து, ஷோகன் ஆட்சி போய் மெய்ஜி அரசு வந்ததும், நாட்டின் மருத்துவத்துக்கு எந்த நாட்டை முன்மாதிரியாகக் கொள்வது என்ற கேள்வி எழுந்தது. போர்க்களத்தில் உழைத்த வில்லிஸ் இருந்தும், அரசு ஜெர்மனியைத் தேர்ந்தெடுத்தது. 1871இல் ஜெர்மன் ராணுவ மருத்துவர்கள் இருவர் டோக்கியோவில் வந்திறங்கினார்கள். வில்லிஸ் தெற்கே ககோஷிமாவுக்குப் போய்விட்டார்.

மயக்க மருத்துவத்தின் தலைவிதி எழுதப்பட்டது இந்த முடிவில்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. பிரிட்டனில் மயக்கம் கொடுப்பது 1850களிலேயே ஒரு மருத்துவரின் தனித்தொழிலாக உருவாகத் தொடங்கியிருந்தது. ஜெர்மன் மரபில் அறுவைப் பேராசிரியர்தான் அரங்கத்தின் அரசர். மயக்கம் கொடுப்பது அவருக்குக் கீழே உள்ள ஆகக் கடைசி உதவியாளரின் வேலை. அவரும் எப்போது கத்தி கைக்கு வரும் என்று காத்திருப்பவர். முகத்துணியில் சொட்டுச் சொட்டாக ஈதர், அல்லது அறுவை மருத்துவரே போட்டுக்கொள்ளும் மரப்பு ஊசி. 1898இல் ஜெர்மனியின் ஆகுஸ்ட் பியர் முதுகுத்தண்டில் மருந்து செலுத்தும் முறையைக் காட்டியதும் ஜப்பான் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. ஊசியைப் போட்டுவிட்டு அறுவையைத் தொடங்கிவிடலாம், தனி ஆள் வேண்டாம்.

அங்கேயும் ஒரு முதல் சாதனை நடந்தது. கிதாகாவா ஒத்தோஜிரோ என்ற நகோயா மருத்துவர், கடும் வலியில் தவித்த நோயாளிகளுக்கு முதுகுத்தண்டு நீரில் மரப்பு மருந்தோடு மார்ஃபினையும் சேர்த்துச் செலுத்தியதை 1901இல் அறிவித்தார். அடுத்த முக்கால் நூற்றாண்டுக்கு அதை யாரும் பெரிதாகத் தொடரவில்லை. 1979இல் அமெரிக்காவிலிருந்து அதே முறை வெளியானபோதுதான் உலகம் புதிதாக வியந்தது. முதலில் செய்துவிட்டு மறந்துபோவது ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டதோ என்று தோன்றும்.

தனி ஆள் இல்லாததன் விலை நெஞ்சைத் திறக்கும்போது தெரிந்தது. காசநோய் அன்று ஜப்பானின் முதல் கொலைகாரன். நெஞ்சுக்கூட்டைத் திறந்தால் வெளிக்காற்று புகுந்து நுரையீரல் சுருங்கிவிடும். மூச்சுக்குழலுக்குள் குழாய் விட்டு, பையை அழுத்தி அழுத்திக் காற்றை உள்ளே செலுத்த ஒருவர் தலைமாட்டில் இருக்க வேண்டும். அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் இது பழகிக்கொண்டிருந்தபோது, கியோட்டோவின் அறுவைப் பேராசிரியர் டொரிகாட்டா ரியூஸோ போன்றவர்கள் அழுத்தமெல்லாம் தேவையில்லை, வேகமாகத் திறந்து மூடினால் போதும் என்று வாதிட்டுக்கொண்டிருந்தார்கள். போர் வந்து வெளியுலகத் தொடர்பும் அறுந்தது.

இரண்டாவது பிறப்பு 1950இல். போரில் தோற்று, அமெரிக்க ஆக்கிரமிப்பின்கீழ் இருந்த ஜப்பானுக்கு மருத்துவக் கல்விக் குழு ஒன்று வந்தது. அதில் ரோட் ஐலண்டைச் சேர்ந்த மயக்க மருத்துவர் மயர் சாக்லட் இருந்தார். மூச்சுக்குழல் குழாய், சுவாசத்தைக் கையாளுதல், அறுவைக்கு முன்பும் பின்பும் நோயாளியைப் பார்த்துக்கொள்ளுதல் என்று அவர் பேசியதைக் கேட்டவர்களில் பெரும்பாலோர் அறுவை மருத்துவர்கள்தாம். இதற்கென்றே ஒரு மருத்துவர் இருப்பார், அவர் கத்தியைத் தொடவே மாட்டார் என்ற செய்தி அவர்களுக்குப் புதிது. 1952இல் டோக்கியோ பல்கலைக்கழகத்தில் நாட்டின் முதல் மயக்கவியல் துறை யமாமுரா ஹிதேயோவின் தலைமையில் தொடங்கியது. 1954இல் சங்கம். செய்ஷூவின் அறுவையிலிருந்து சரியாக 150 ஆண்டு. ஆனால் இந்தத் துறைக்கும் ஹிராயாமாவுக்கும் இடையே குருபரம்பரை எதுவும் கிடையாது. சின்னத்தில் இருக்கும் ஊமத்தம்பூ பிற்பாடு சூட்டிக்கொண்டது.

1960இல் அரசு ஒரு விசித்திரமான விதியைக் கொண்டுவந்தது. ஜப்பானில் உரிமம் பெற்ற மருத்துவர் பொதுவாகத் தனக்கு விருப்பமான துறையைப் பலகையில் எழுதிக்கொள்ளலாம். தோல், குழந்தை நலம், அறுவை, எதுவானாலும். மயக்கவியல் மட்டும் முடியாது. அதற்கு நலத்துறை அமைச்சரின் தனி அனுமதி வேண்டும். தகுந்த மேற்பார்வையில் 2 ஆண்டுப் பயிற்சி பெற்றிருக்க வேண்டும், அல்லது 2 ஆண்டுக்கு மேல் மயக்க வேலை பார்த்து, மூச்சுக்குழாய் வைத்து முழு மயக்கம் கொடுத்த 300 நோயாளிகளின் கணக்காவது காட்ட வேண்டும். 90 ஆண்டுகள் கடைநிலை உதவியாளரின் வேலையாகக் கிடந்ததை, அமைச்சர் கையொப்பமிடும் தகுதியாக ஏற்றிவிட்டார்கள். ஆனால் விதி பலகையைத்தான் கட்டுப்படுத்தியது. மயக்கம் கொடுப்பதை அல்ல. ஆகவே சிறிய மருத்துவமனைகளில் அறுவை மருத்துவரே ஊசி போட்டுக்கொள்ளும் வழக்கம் ஒழியவில்லை. ஆள் பற்றாக்குறை தீரவும் இல்லை. பகுதிநேரமாக ஊர் ஊராகப் போய் மயக்கம் கொடுக்கும் மருத்துவர்கள் அங்கே சாதாரணக் காட்சி.

பிரசவத்தில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். முதுகில் மெல்லிய குழாய் வைத்து வலி குறைக்கும் முறை பிரான்சிலும் அமெரிக்காவிலும் பெரும்பாலான தாய்மாருக்குக் கிடைக்கிறது. ஜப்பானில் 2016இல் அது 6 விழுக்காடு அளவிலேயே இருந்தது. கேட்டால் பண்பாட்டைக் காரணம் சொல்வார்கள். 'வயிறு நொந்து பெற்ற பிள்ளை' என்று அங்கே ஒரு வழக்கு உண்டு. நம் 'நொந்து சுமந்து பெற்ற' மாதிரியேதான். வலித்தால்தான் தாய்ப்பாசம் வரும் என்று சொல்லும் மாமியார்களும் உண்டு. எனக்கென்னவோ இதில் பண்பாட்டைவிடக் கட்டடத்துக்குத்தான் பங்கு அதிகம். ஏறக்குறைய பாதிப் பிரசவங்கள் சிறு கிளினிக்குகளில் நடக்கின்றன. அங்கே இரவு மூன்று மணிக்கு மயக்க மருத்துவர் எங்கிருந்து வருவார்? மகப்பேறு மருத்துவரே குழாயும் வைத்துப் பிரசவமும் பார்த்த சில இடங்களில் தாய்மார் இறந்தது 2017இல் பெரும் செய்தியானது. அதன் பிறகு விதிமுறைகள் இறுகின. இப்போது எண்ணிக்கை ஏறிக்கொண்டிருக்கிறது. 2025 அக்டோபரில் டோக்கியோ நகர அரசு இதற்கு 1 லட்சம் யென் வரை உதவித்தொகை தரத் தொடங்கியது.

மருந்துகளின் பக்கம் வந்தால் கதை தலைகீழ். செவோஃப்ளுரேன் என்ற மூச்சு மருந்தை 1970 வாக்கில் உருவாக்கியது அமெரிக்காவில். உடலில் ஃப்ளுரைடு விடுகிறது, கரியமில வாயுவை உறிஞ்சும் சுண்ணாம்போடு சேர்ந்து சிதைகிறது என்ற கவலைகளால் அங்கே ஓரங்கட்டிவிட்டார்கள். ஒசாகாவின் மருயிஷி நிறுவனம் அதை எடுத்து, பொறுமையாகச் சோதித்து, 1990இல் ஜப்பானில் ஒப்புதல் வாங்கியது. அமெரிக்காவுக்கு அது திரும்பிப்போய்ச் சேர்ந்தது 1995இல். மூச்சை உறுத்தாத, லேசான இனிப்பு வாசனை என்பதால் அழுகிற குழந்தைக்கு ஊசி போடாமல் முகமூடியிலேயே தூங்கவைக்க முடியும். நம் மருத்துவமனைகளிலும் குழந்தைகளை அப்படித்தான் தூங்கவைக்கிறார்கள். ஸ்கோபாலமினுக்கும் இதற்கும் ரசாயன உறவு எதுவும் கிடையாது.

ஆனால் என்னைக் கேட்டால், அறுவை அரங்குக்கு ஜப்பான் கொடுத்த பெரிய கொடை மருந்தே அல்ல. ஒரு இரைச்சல்.

நீகாட்டாவில் பிறந்த பொறியாளர் அவோயாகி தக்குவோ, 1970களின் தொடக்கத்தில் நிஹோன் கோடென் நிறுவனத்தில், இதயம் ஒரு நிமிடத்தில் எவ்வளவு ரத்தத்தை வெளியே தள்ளுகிறது என்று அளக்க முயன்றுகொண்டிருந்தார். ரத்தத்தில் ஒரு பச்சைச் சாயத்தைச் செலுத்தி, காதுமடல் வழியே ஒளியைப் பாய்ச்சி, சாயம் எப்படி வந்து மறைகிறது என்று பார்ப்பது முறை. ஆனால் ஒவ்வொரு நாடித்துடிப்பும் வரைபடக் கோட்டை ஆட்டிக் கெடுத்தது; அளக்கிறவர்கள் இதைத்தான் 'இரைச்சல்' என்பார்கள். அந்த ஆட்டத்தை ஒழிக்க இரண்டாவதாக ஒரு ஒளிநிறத்தைச் சேர்த்து ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தார். கழித்தால் ஆட்டம் மறைந்தது. ஆனால் ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்தால் கணக்கு மறுபடி பிசகியது. ஏன்? ஆக்சிஜன் ஏறிய ரத்தம் ஒருவிதமாகவும் ஏறாத ரத்தம் வேறுவிதமாகவும் அந்த இரு ஒளிகளை விழுங்குகின்றன. துடிக்கும் ரத்தம் தமனி ரத்தம் மட்டுமே. அப்படியானால் தான் ஒழிக்கப் பார்த்த ஆட்டத்துக்குள்தான் தமனியின் ஆக்சிஜன் அளவு ஒளிந்திருக்கிறது! இன்றைய பல்ஸ் ஆக்சிமீட்டரின் அடிப்படை இதுதான். 1974இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்து, அதே ஆண்டு மாநாட்டிலும் அறிவித்தார். ஒரு மாதம்கூட ஆகாமல் மினோல்ட்டா நிறுவனமும் இதே யோசனையோடு விண்ணப்பித்தது.

இதன் அருமை, அதற்கு முன்பு மயக்க மருத்துவர் எப்படி வேலை பார்த்தார் என்று நினைத்தால் புரியும். உதடு நீலமாகிறதா, நகக்கண் கறுக்கிறதா, வயிற்றுக்குள் ரத்தத்தின் நிறம் மாறுகிறதா என்று அறுவை மருத்துவரைக் கேட்டுக் கேட்டுப் பார்க்க வேண்டும். கண்ணுக்கு நிறம் தெரிவதற்குள் நிலைமை முற்றியிருக்கும்.

சொன்னால் நம்பமாட்டீர்கள், அந்த நிறுவனம் வெளிநாட்டுக் காப்புரிமை எடுக்கவில்லை. காதில் மாட்டும் முதல் கருவி பெரிதாக விற்கவில்லை. அவோயாகியை வேறு வேலைக்கு மாற்றிவிட்டார்கள். 1980களில் அமெரிக்க நிறுவனங்கள் விரலில் மாட்டும் வடிவத்தைப் பரப்பி, அங்குள்ள அறுவை அரங்குகளில் அது இடம்பிடிக்கத் தொடங்கிய பிறகுதான், இதைத் தொடங்கியவர் யார் என்று வெளிநாட்டு ஆய்வாளர்கள் தேடிக்கொண்டு ஜப்பானுக்குப் போனார்கள்.

அவோயாகி கடைசிவரை அதே நிறுவனத்தில் ஆய்வாளராக இருந்து, ஆக்சிஜன் அளவீட்டின் கோட்பாட்டை இன்னும் துல்லியமாக்கிக்கொண்டிருந்தார். 2020 ஏப்ரல் 18இல், 84 வயதில் இறந்தார். மறுவருடம் கொரோனா இரண்டாம் அலையின்போது எங்கள் தெருவில் ஏழெட்டு வீட்டுக்கு ஒரே ஆக்சிமீட்டர்தான் இருந்தது. வாசலில் வைத்து, சானிடைசரால் துடைத்து, கைமாற்றிக் கைமாற்றி விரலில் மாட்டிக்கொண்டோம். எதிர்வீட்டு ஆத்தா அந்தச் சிவப்பு வெளிச்சத்தைப் பார்த்துவிட்டு, '94ன்னு காட்டுது, ஆஸ்பத்திரிக்குப் போகணுமாப்பா?' என்று கேட்டார்.